வீட்டு போட்டோக்களுக்கு ஒரு கம்ப்யூட்டர்: எதற்குச் செலவு செய்வது, எதில் மிச்சம் பிடிப்பது?

2022-ல் எங்கள் தாத்தா இறந்தபோது, மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் தேடினோம். 2017-ல் ஊர்க் கொடையின்போது திண்ணையில் நான்கு பேரோடு உட்கார்ந்து அவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எடுத்தவன் நான்தான். 18 மெகாபிக்சல் கேமரா. படத்தின் அகலம் 5184 பிக்சல். அதை ஒரு லேப்டாப்பில் மட்டும் காப்பி செய்துவிட்டு மெமரி கார்டை அழித்திருந்தேன். அடுத்த வருடமே அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மிஞ்சியது, அப்போது வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பிய பிரதி. அதன் அகலம் 1600 பிக்சல்தான்.

கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். தாத்தாவின் முகமும் தோளும் மட்டும் வெட்டி எடுத்தால் 450 பிக்சல் அகலம் வந்தது. 12 அங்குல அகலப் படத்துக்கு அதை நீட்டினால் ஓர் அங்குலத்துக்கு 37 பிக்சல். முகம் கலங்கித் தெரிந்தது. அசல் இருந்திருந்தால் அதே பகுதி 1450 பிக்சலுக்கு மேல் வந்திருக்கும். ஓர் அங்குலத்துக்கு 120. சுவரில் மாட்டத் தாராளமாகப் போதும். கடைசியில் ஆதார் அட்டைக்கு எடுத்த, சிரிக்காத படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம்.

சாப்ட்வேர் வேலை பார்ப்பவன் என்பதால் ஊருக்கு வரும்போதெல்லாம் பலரும் கேட்கிறார்கள்: "தம்பி, கேமரா வாங்கியாச்சு. போட்டோவுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும், எது நல்லது?" கடைக்காரர் முதலில் பிராசசரைப் பற்றிச் சொல்வார். நான் முதலில் சேமிப்பைப் பற்றிச் சொல்வேன். வேகம் குறைந்தால் சில நிமிடம் காத்திருக்கலாம். படம் தொலைந்தால் காத்திருந்தும் பயனில்லை. எனவே இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு பாகத்தையும் "இது என் படத்தைக் காப்பாற்றுமா, சரியாகக் காட்டுமா?" என்ற கேள்வியோடு பார்ப்போம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

12 மெகாபிக்சல் மொபைல் படம் ஒன்று சுமார் 3 முதல் 5 எம்.பி. இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஜேபெக் படம் 8 முதல் 10 எம்.பி. அதே கேமராவில் ரா வடிவில் எடுத்தால் 25 முதல் 30 எம்.பி.

ஜேபெக், ரா என்றால் என்ன? சென்சார் பதிந்த ஒளியைக் கேமராவே சமைத்து, கண்ணுக்குத் தெரியாத விவரங்களைக் கழித்துச் சுருக்கித் தருவது ஜேபெக். சமைக்காமல் அப்படியே தருவது ரா. பின்னால் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்த ராவில் அதிக இடம் உண்டு. புதியவர்கள் கேமரா மெனுவில் இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கணக்கு. ஒரு விசேஷத்துக்கு 300 படம், ஒவ்வொன்றும் ராவும் ஜேபெக்கும் சேர்த்து 40 எம்.பி. என்றால் 12 ஜி.பி. வருடத்துக்குப் பத்து விசேஷம் என்றால் 120 ஜி.பி. மொபைலில் எடுக்கும் 4கே வீடியோ இதில் சேரவில்லை. அது ஒரு நிமிடத்துக்கே சுமார் 200 முதல் 400 எம்.பி. வரை போகும். ஆக, 1 டி.பி. டிஸ்க் போட்டோவுக்கு மட்டும் என்றால் எட்டு வருடம் வரும். வீடியோவும் எடுப்பவர்கள் 2 டி.பி.யாகவே வாங்கிவிடுங்கள்.

பிராசசரும் ராமும்

பிராசசரில் இன்டெல் ஐ3, ஐ5 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 5 வகையில் அண்மைத் தலைமுறை எதுவானாலும் வீட்டு போட்டோ வேலைக்குப் போதும். ஐ7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மானிட்டருக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் திருப்பிவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போடப் போவதில்லை என்றால் பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல் மாடல் எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000 வரிசையில் எண்ணுக்குப் பின்னால் ஜி என்று இருப்பதை வாங்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று எஃப் மாடலை வாங்கிவந்து, மானிட்டரில் படமே வரவில்லை என்று தவித்தவர்கள் உண்டு. கேம்ஸ், வீடியோ எடிட்டிங், ஏ.ஐ. மூலம் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குவது ஆகிய வேலைகள் செய்பவர்களுக்குத்தான் தனி கார்டு பயன்படும். மற்றவர்களுக்கு முதல் நாளே தேவையில்லை.

ராமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஏன் என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000 x 4000 பிக்சல், அதாவது 2.4 கோடி பிக்சல். டிஸ்க்கில் 10 எம்.பி.யாகச் சுருங்கி இருந்தாலும், திறந்தவுடன் ராமில் முழுதாக விரியும். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வைத்தால் 72 எம்.பி. 16 பிட் தரத்தில் திறந்தால் 144 எம்.பி. அதன்மேல் நான்கைந்து லேயர், பின்வாங்குவதற்கான அன்டூ பதிவுகள் என்று சேரச் சேர ஒரு படமே ஒரு ஜி.பி.யைத் தாண்டும். விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே 4 ஜி.பி. அளவுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். எனவே 8 ஜி.பி. என்பது தொடங்க மட்டும்; 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. இப்போது 8 ஜி.பி.தான் முடியும் என்றால், இன்னொரு ராம் போட மதர்போர்டில் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க்

விண்டோஸும் சாப்ட்வேரும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒரு நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்.பி. மதர்போர்டிலேயே சொருகும் என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பல மடங்கு வேகம். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும், படங்களுக்கு 1 அல்லது 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றும் போட்டால் வேகமும் வரும், இடமும் கிடைக்கும். நடப்பு மாதப் படங்களை எஸ்.எஸ்.டி.யில் வைத்துத் திருத்திவிட்டு, வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றலாம்.

மானிட்டர்: கரிசல் மண் சோதனை

போட்டோவுக்கு என்று பணம் கொடுப்பதாக இருந்தால் அது மானிட்டருக்குத்தான். ஐ.பி.எஸ். பேனல் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். டி.என். பேனலில் தலையைச் சற்று ஏற்றி இறக்கினாலே நிறமும் வெளிச்சமும் மாறும். அதில் திருத்திய படத்தை நம்ப முடியாது. அடுத்து எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அளவுகோலில் 99 அல்லது 100 சதவீதம் காட்டுமா என்று பாருங்கள். ஹெச்.பி.யும் மைக்ரோசாப்டும் 1996-ல் முன்வைத்த இந்த அளவுகோலைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்களும் பிரிண்ட் கடைகளும் பின்பற்றுகின்றன.

அளவு 24 அங்குலம் போதும். ஃபுல் ஹெச்.டி. மானிட்டர் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல். உங்கள் 2.4 கோடி பிக்சல் படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டுமே முழு அளவில் காட்டும். அதனால்தான் ஃபோகஸ் சரியா என்று பார்க்க 100 சதவீதம் ஸூம் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டை ஒரு படம் எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மோசமான திரையில் மண்ணின் கருப்பும் வெடிப்புக்குள் இருக்கும் இருட்டும் ஒன்றாகி, தார் பூசியதுபோலத் தெரியும். நல்ல திரையில் வெடிப்பின் விளிம்பு, உள்ளே விழும் நிழல், ஓரத்தில் நிற்கும் காய்ந்த பருத்திமார் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் வைத்து இந்த ஒரு படத்தைப் பார்த்தால் யாருடைய விளக்கமும் தேவைப்படாது.

இங்கே கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவின் ஒளி அளவி, பார்ப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக் கணக்கிடும். படம் முழுக்கக் கரிசல் மண் இருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கருப்பு மண் சாம்பல் மண் ஆகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற வசதியில் மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் இதற்கு நேர்மாறு. உப்புக் குவியல் அழுக்காகத் தெரியாமல் இருக்க பிளஸ் 1 வைக்க வேண்டும்.

மானிட்டரை வாங்கி வந்ததும் வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் அதிக வெளிச்சத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால், உங்களுக்குச் சரியாகத் தெரிந்த படம் பிரிண்டில் இருட்டாக வரும். ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும் வரை குறையுங்கள். விண்டோஸில் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது திரையை மஞ்சளாக்கும்.

நிறம் பிரிண்டில் மாறுவது நம் ஊருக்குப் புதிய பிரச்சினை அல்ல. கோவில்பட்டியில் தங்கிச் சாமி படங்கள் வரைந்த ஓவியர் கொண்டையராஜுவின் (1898–1976) படங்கள் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகிக் காலண்டராக வீடுவீடாகப் போயின. தூரிகை வண்ணத்தை அச்சு மையில் கொண்டுவருவது அன்றைய சவால். திரையின் ஒளியை மையில் கொண்டுவருவது இன்றைய சவால். அதனால் ஆல்பம் முழுவதையும் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு படத்தை 4 x 6 அளவில் பிரிண்ட் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிண்டுக்கு எவ்வளவு பிக்சல் வேண்டும் என்ற கணக்கும் சுலபம். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நல்ல தரம். 4 x 6 படத்துக்கு 1200 x 1800. ஏறக்குறைய 2 மெகாபிக்சல் போதும். 12 x 18 ஆல்பம் பக்கத்துக்கு 3600 x 5400. ஏறக்குறைய 19 மெகாபிக்சல்.

கரன்ட், இடி, புழுதி

நம் பகுதியில் கம்ப்யூட்டரைப் பழுதாக்குவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, கரன்ட். படம் காப்பி ஆகும்போது மின்சாரம் போனால் பைல் பாதியில் நிற்கும். டிஸ்க்கே கெடவும் வாய்ப்புண்டு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 முதல் 150 வாட்தான் இழுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, வேலையை சேவ் செய்து அணைப்பதற்குத் தேவையான சில நிமிடங்களைத் தரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யு.பி.எஸ். மோட் என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது அதில் இருக்கட்டும்.

எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிப்பதால் எர்த் குழியைச் சுற்றிப் பிடிப்பு விட்டுப்போகும். உலர்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

ஆடிக் காற்றில் வரும் புழுதி மிக நைசானது. கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயரத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதிவிடுங்கள். துணி போட்டு மூடும் வழக்கம் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா?

அலுவலகங்களில் ஓடிய கம்ப்யூட்டர்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. வாங்கலாம், ஆனால் விண்டோஸ் 11 போடத் தகுதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் தேவை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தகுதி இல்லாத கம்ப்யூட்டர் கைவசம் இருந்தால் அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். கீழே சொல்லும் முக்கிய சாப்ட்வேர்கள் அதிலும் ஓடும். எப்படி இருந்தாலும் பழைய கம்ப்யூட்டரோடு வரும் ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் படங்களை வைக்காதீர்கள். டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

என்னென்ன சாப்ட்வேர்?

தொடங்குபவர்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

பார்க்க: இர்ஃபான்வியூ. 1996-ல் வந்தது. சிறியது, பழைய கம்ப்யூட்டரிலும் பறக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். விண்டோஸில் மட்டும்.

அடுக்கி வைக்க: டிஜிகேம். தேதி, இடம், முகம், குறிச்சொல் ஆகியவற்றை வைத்துத் தேடலாம்.

ரா படங்களைத் திருத்த: டார்க்டேபிள் அல்லது ரா தெரபி. இரண்டில் ஒன்று போதும்.

ஒட்டு வேலை, பழைய படங்களில் கீறல் நீக்குதல்: கிம்ப். இதன் 3.0 பதிப்பு 2025-ல் வந்தது.

அடோபியின் போட்டோஷாப், லைட்ரூம் ஆகியவை சந்தா முறையில் கிடைக்கின்றன. ஸ்டுடியோ தொழில் செய்பவர்களுக்கு அது சரி. வீட்டுக்காரர்கள் கிம்ப்பில் ஆறு மாதம் பழகிவிட்டு முடிவு செய்யலாம். யாரோ தரும் கிராக் செய்த போட்டோஷாப் மட்டும் வேண்டாம். அதோடு வரும் ரான்சம்வேர், டிஸ்க்கில் உள்ள எல்லாப் படங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். இலவசமாகக் கிடைத்த சாப்ட்வேருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை விலையாகக் கொடுக்க வேண்டாமே.

இன்னொரு பாடம். பலருக்கும் பிடித்த பிகாசாவை கூகுள் 2016-ல் நிறுத்திவிட்டது. அதற்குள் மட்டும் ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். போல்டராகப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு எந்தக் கஷ்டமும் வரவில்லை. சாப்ட்வேர் வரும், போகும். போல்டர் இருக்கும்.

கார்டிலிருந்து டிஸ்க்குக்கு: ஆறு படிகள்

1. கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். படத்தோடு சேர்ந்து எக்சிஃப் தகவலாகப் பதிவதால், பின்னால் தேட இதுதான் உதவும்.

2. மெமரி கார்டைக் கார்டு ரீடரில் போட்டுக் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள்.

3. போல்டர் பெயரில் வருடம், மாதம், நாள் முதலில் வரட்டும்: 2025-01-14 பொங்கல் கழுகுமலை. இப்படி வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.

4. இர்ஃபான்வியூவில் வேகமாகப் பார்த்து, கலங்கிய படங்களை மட்டும் நீக்குங்கள்.

5. அசலில் கை வைக்காதீர்கள். திருத்தியதை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஜேபெக்கை ஒவ்வொரு முறை திருத்தி சேவ் செய்யும்போதும் தரம் கொஞ்சம் குறையும்.

6. இரண்டாவது டிஸ்க்கிலும் காப்பி செய்து, நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

தவறி கார்டை அழித்துவிட்டால் அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே வெளியே எடுத்து, போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டினால் பெரும்பாலும் மீட்கலாம். புதிய படம் மேலே பதிந்துவிட்டால் பழையது போனது போனதுதான்.

மூன்று, இரண்டு, ஒன்று

பேக்கப் எப்படி எடுப்பது என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

கம்ப்யூட்டரில் உள்ளது முதல் பிரதி. யு.எஸ்.பி. 3.0 எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது. காப்பி முடிந்ததும் அதைப் பிடுங்கிப் பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் இடியும் ரான்சம்வேரும் அதையும் சேர்த்தே பிடிக்கும். மூன்றாவது பிரதி வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க்காக இருக்கலாம், அல்லது இன்டர்நெட்டில் இருக்கலாம். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1-ல் முடிந்தது. பொதுவாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யையும் ஜிமெயிலோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஏற்றாமல், வருடத்துக்கு 200 நல்ல படம் என்று தேர்ந்தெடுத்து, அசல் அளவில் ஏற்றுங்கள்.

பென் டிரைவை பேக்கப்பாக எண்ண வேண்டாம். பத்து வருடத்துக்கு முன் போட்ட டி.வி.டி. வீட்டில் இருந்தால் இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதன் சாயப் பூச்சு நாளாக நாளாகக் கெடும். வாட்ஸ்அப் பிரதியும் பேக்கப் அல்ல. உறவினருக்கு அசலையே அனுப்ப வேண்டுமானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்; அளவு குறையாமல் போகும்.

பட்ஜெட் இடித்தால்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது. அப்போது வெட்ட வேண்டிய வரிசை இது: முதலில் கிராபிக்ஸ் கார்டு, பிறகு பெரிய பிராசசர், பிறகு அலங்காரக் கேபினட், கீபோர்டு. வெட்டக் கூடாதவை மூன்று: ஐ.பி.எஸ். மானிட்டர், யு.பி.எஸ்., எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். கடைக்காரர் கொட்டேஷன் எழுதும்போது இந்த மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் வாங்க இன்னும் மாதமாகும் என்றாலும் ஒரு வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யலாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் படங்களில் பிடித்த ஒன்றை எடுத்து, அதன் அளவைப் பாருங்கள். பைலின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போனால் எத்தனை பிக்சல் என்று தெரியும். 1600 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் வாட்ஸ்அப் பிரதி. எடுத்தவர் யார் என்று கேட்டு, அவரிடம் அசல் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். நான் கேட்டுப் போகும்போது, எடுத்தவன் நானாகவே இருந்தும் என்னிடம் அது இல்லை.